கொருக்குப்பேட்டையிலிருந்து கல்லூரிக்கு: என் முதல் வருடம்

“இதோட போனஃபைட் வெச்சுக் குடும்மா” என்று அலுவலக ஜன்னலுக்குள்ளிருந்து சொன்னார்கள். 2023 ஜூலை மாதம், கல்லூரியில் சேர்ந்து இரண்டாவது வாரம். உதவித்தொகை விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டிருந்த நான் தலையை ஆட்டிவிட்டு வரிசையிலிருந்து விலகி வந்துவிட்டேன். போனஃபைட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் கையில் அது இருந்தது. அவளிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் அங்கே கேட்க ஆளில்லை. விண்ணப்பம் நான்கு நாள் பைக்குள்ளேயே கிடந்தது.

அது ஒரே ஒரு தாள். ‘இவர் எங்கள் கல்லூரியில் இன்ன வகுப்பில் படிக்கிறார்’ என்று கல்லூரி எழுதிக் கொடுக்கும் சான்று. துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கி, அலுவலகத்தில் கொடுத்தால் முத்திரையோடு வந்துவிடும். ஒரு சீனியர் அக்கா தானாக வந்து, “இன்னா ஃபார்ம் அது? நாளைக்குத்தானே கடைசி தேதி?” என்று கேட்டதால்தான் இது எனக்குத் தெரிந்தது. அவர் கேட்காமல் போயிருந்தால் அந்த வருட உதவித்தொகை போயிருக்கும்.

முதல் வருடம் முழுக்க எனக்கு இப்படித்தான் நடந்தது. பாடம் கஷ்டமாக இருந்தது உண்மைதான். அதைவிடக் கஷ்டம், எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த விஷயங்கள் எனக்குத் தெரியாமல் இருந்தது. இன்டெர்னல், அரியர், அலைடு பேப்பர், கண்டோனேஷன். அண்ணனோ அக்காவோ கல்லூரிக்குப் போன வீட்டில் இந்தச் சொற்கள் சோறு சாப்பிடும்போதே காதில் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் விழவில்லை. வடசென்னையில் தெருவுக்குத் தெரு, வீட்டின் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். அம்மா, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்துக்கு வெளியே லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் இரண்டு நாள் வீட்டுக்கு வர மாட்டார். ஆயா, தம்பி, நான். ஒரே அறை, மூலையில் சமையல் மேடை, ஜன்னலோரம் தையல் மெஷின். மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு.

முதல் மாதம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மேம் பலகையில் மீத்தேன் படம் போட்டு, கார்பனுக்கு என்ன ஹைப்ரிடைசேஷன் என்று கேட்டார். படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எஸ்பி3. பதினொன்றாம் வகுப்பில் இதையே ‘இனக்கலப்பு’ என்று படித்து, தேர்வில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் மேம் சொன்ன சொல்லும் நான் படித்த சொல்லும் ஒன்றுதானா என்று தெரியாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். வேறொரு பெண் பதில் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் வராண்டாவில் பின்னாலேயே போய், “மேம், இது இனக்கலப்புதானே?” என்று கேட்டேன். “ஆமாம்மா, அதேதான். தமிழ் மீடியமா? உள்ளேயே சொல்லியிருக்கலாமே” என்றார்.

அன்று ராத்திரி ஒரு நீள நோட்டில் பக்கத்துக்கு நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் வகுப்பில் கேட்ட சொல், வலப்பக்கம் பள்ளிப் புத்தகத்தில் இருந்த சொல். ஆக்ஸிடேஷன், ஆக்சிஜனேற்றம். வேலன்சி, இணைதிறன். கேட்டலிஸ்ட், வினைவேக மாற்றி. டைட்ரேஷன், தரம் பார்த்தல். டிசம்பருக்குள் நாற்பது பக்கம் வந்தது. முதல் செமஸ்டரில் புதுசு என்று நான் பயந்துகொண்டிருந்ததில் பாதிக்கு மேல் ஏற்கெனவே படித்ததுதான். தமிழ் வழியில் படித்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டாலும் பரவாயில்லை, தமிழ்நாடு பாடநூல்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அகராதி புரட்டுவதைவிட வேகமாகச் சொல் பிடிபடுகிறது.

என் பயம் முதலில் விட்டது லேபில்தான். அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாயான பியூரெட்டில் பெர்மாங்கனேட் கரைசல், கூம்புக் குடுவையில் இரும்பு உப்புக் கரைசலும் நீர்த்த கந்தக அமிலமும். மேலிருந்து விழும் ஊதாச் சொட்டு, குடுவைக்குள் போனதும் நிறமில்லாமல் கரைந்துபோகும். சொட்டு சொட்டாக விட்டுக்கொண்டே குடுவையை ஆட்ட வேண்டும். ஒரு சொட்டு விழுந்து, ஆட்டிய பிறகும் வெளிர் ரோஸ் நிறம் போகாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை. தனியாக நிறங்காட்டி எதுவும் வேண்டாம், பெர்மாங்கனேட்டே அந்த வேலையைச் செய்துவிடும். என்னோடு சேர்ந்து செய்த பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு வந்தது. அவள் பியூரெட்டில் எல்லாக் கரைசலுக்கும் பார்க்கிற மாதிரி, கரைசலின் மேற்பரப்பு குழிந்து நிற்கும் அடிவளைவைத் தேடிக்கொண்டிருந்தாள். கரைசல் இவ்வளவு அடர் நிறமாக இருந்தால் அடிவளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளி வேதியியல் டீச்சர் சொல்லிக் கொடுத்தது. “மேல பாருப்பா” என்றேன். அடுத்த இரண்டு அளவும் ஒத்து வந்தன. அந்தக் கல்லூரிக்குள் நான் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்த முதல் விஷயம் அது.

அவள் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். அன்று சாப்பிடும்போது சொன்னாள், “நீ மெட்ராஸ் பொண்ணு, உனக்கு என்ன பயம்? எங்களுக்குத்தான் எதுவுமே புரியல.” எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. அறிமுக வகுப்பில் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டபோது கொருக்குப்பேட்டை என்று சொல்லக் கூச்சப்பட்டு, “சென்ட்ரல் பக்கம்” என்று சொன்னவள் நான். வடசென்னை என்றதும் சிலர் முகத்தில் ஒரு மாற்றம் வரும், பள்ளிக் காலத்திலேயே பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்தவர்கள் என்னை நகரத்துப் பெண் என்று தள்ளி வைத்தார்கள். நகரத்தின் வேறு பகுதிகளிலிருந்து வந்தவர்களிடம் நானாகவே தள்ளி நின்றேன். இரண்டு மாதம் இப்படியே போனது. அவளிடம்தான் முதன்முதலில் வீடு எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொன்னேன். “ரயில் கேட் பக்கத்திலயா? ராத்திரி சத்தத்துல எப்படித் தூங்குவ?” என்று மட்டும்தான் கேட்டாள்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்குத் தனிமை இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டிலிருந்து போய்வருகிறவர்களின் தனிமையை யாரும் சொல்வதில்லை. கல்லூரியில் சிநேகிதம் வகுப்புக்குள் உண்டாவதைவிட வகுப்பு முடிந்த பிறகு உண்டாவதுதான் அதிகம். நாலு மணிக்கு மணி அடித்ததும் ஓடிவிடுகிறவளுக்கு அது கிடைக்காது. ஹாஸ்டல் பெண்கள் ராத்திரி பேசிக்கொண்டதை மறுநாள் காலையில் பாதியில் கேட்டு, புரியாமல் சிரிப்பேன். அக்டோபருக்கு அப்புறம் செவ்வாய், வியாழன் இரண்டு நாள் மட்டும் ஒரு மணி நேரம் தாமதித்துக் கிளம்புவது என்று வைத்துக்கொண்டேன். தூங்குமூஞ்சி மரத்தடி பெஞ்சில் நான்கைந்து பேர் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவோம், பேசுவோம். வேதியியல் துறையில் யாரிடம் என்ன கேட்கலாம், எந்தத் தேதி எதற்குக் கடைசி என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் தெரிந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான்.

ரயில் பாஸ் விஷயமும் அங்கே தெரிந்ததுதான். அதுவரை பஸ்ஸில் போனேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அதனால் செலவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டிப் போய்த்தான் பஸ் பிடிக்க வேண்டும். கேட் மூடியிருக்கும்போது துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் ஒன்று வந்துவிட்டால் முதல் வகுப்பு போய்விடும். காலையில் தண்ணீர் லாரி வந்தால் குடம் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும், அதிலும் நேரம் போகும். செப்டம்பர் கடைசியில் என் வருகைப்பதிவு 71 சதவீதம். 75 இருக்க வேண்டும். குறைந்தால், அதை மன்னித்துத் தேர்வெழுத விடுவதற்குக் கண்டோனேஷன் கட்டணம், மருத்துவச் சான்று என்று அலைய வேண்டும். ரொம்பக் குறைந்தால் அந்த செமஸ்டர் தேர்வே எழுத முடியாது. எனக்கு இது தெரிந்தபோது முதல் செமஸ்டரில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட் ரயில்வேயில் இலவசம். கல்லூரியிலிருந்து சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்தது சென்ட்ரல். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றாலும் பஸ்ஸைவிட சீக்கிரம் போய்விடுவேன். செமஸ்டர் முடிவில் 78 சதவீதம் வந்தது. இவ்வளவு நாள் கண்ணுக்கு எதிரே இருந்த ஸ்டேஷன் அது.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ₹1000 அவர்கள் கணக்குக்கே வரும். பையன்களுக்கு இதே மாதிரி தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. என் வகுப்பில் மற்றவர்களுக்கு வந்த பிறகும் எனக்கு வரவில்லை. என் பெயர் விட்டுப்போய்விட்டது என்று நானே முடிவு செய்துகொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன். கடைசியில் வங்கிக்குப் போய்க் கேட்டபோது, கணக்கில் ஆதார் எண் கொடுத்திருக்கிறேனே தவிர, அரசுப் பணம் நேராக வரும்படி ஆதாரோடு கணக்கை இணைக்கவில்லை என்றார்கள். இரண்டும் வேறு வேறு. ஒரு படிவம், ஒரு கையெழுத்து, ஐந்து நிமிடம். அடுத்த முறை பணம் வந்தது. முதலில் ஒரு லேப் கோட் வாங்கினேன். அதுவரை சீனியர் அக்காவுடையதைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி ராத்திரி மழை பிடித்தது. மிக்ஜாம் புயல். நான்காம் தேதி விடிவதற்குள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கரன்ட் இல்லை, போன் இல்லை. நான்கு நாள் பக்கத்துக் கட்டிடத்து மாடியில் இருந்தோம். அம்மாவின் தையல் மெஷின் மோட்டார் தண்ணீரில் போனது. சான்றிதழ் பையை அம்மா பரணில் ஆணியில் மாட்டி வைத்திருந்ததால் தப்பித்தது. தொலைத்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் நகல் தர அரசு ஏற்பாடு செய்தது, எங்கள் தெருவிலேயே அப்படி வாங்கியவர்கள் உண்டு. என் நோட்டுகள் கீழே பெஞ்சில் இருந்தன. ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலமாகக் கலங்கிப்போய், பக்கம் மட்டும் மிச்சம். இரண்டு மொழிச் சொற்களை எழுதி வைத்த அந்த நீள நோட்டு மட்டும் பால் பாயின்ட் பேனாவில் எழுதியது, காய வைத்த பிறகு அதைப் படிக்க முடிந்தது. அன்றிலிருந்து பால் பாயின்ட்தான். முக்கியமான பக்கங்களைப் போட்டோ எடுத்து மெயிலில் போட்டு வைத்துவிடுகிறேன். அரசு கொடுத்த வெள்ள நிவாரணம் ₹6000 வந்ததும் அம்மா முதலில் மோட்டாரைத்தான் மாற்றினார்.

தேர்வுகள் தள்ளிப்போய், நடந்தன. அலைடு மேத்ஸில், அதாவது வேதியியலோடு துணைப்பாடமாக வரும் கணக்கில், நான் பாஸ் ஆகவில்லை. வெள்ளத்தைக் காரணம் சொல்லலாம், சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். ஆனால் அக்டோபரிலேயே எனக்கு அந்தப் பாடம் கைவிட்டுப் போயிருந்தது. என் நோட்டில் ‘ஐகன் வேல்யூ’ என்று இடப்பக்கம் எழுதிவிட்டு வலப்பக்கம் எழுத என்னிடம் எதுவும் இல்லை. பள்ளியில் படித்ததில்லை. அன்றைக்கே போய் ‘சார், இது எனக்குப் புதுசு’ என்று சொல்லியிருக்க வேண்டும். வெற்றிடத்தை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனேன். எங்கள் கல்லூரியில் இன்டெர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 மார்க். இன்டெர்னல் என்பது டெஸ்ட், அசைன்மென்ட், வருகை என்று செமஸ்டர் முழுக்கச் சேருவது, கடைசியில் படித்துப் பிடிக்க முடியாது என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரிசல்ட் வந்து மூன்று வாரம் வீட்டில் சொல்லவில்லை. ஒருநாள் ராத்திரி அம்மா காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். மெஷினை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “மறுபடி எழுத உடுவாங்களா?” என்றார்.

“உடுவாங்கம்மா. ஏப்ரல்ல.”

“எவ்ளோ கட்டணும்?”

சொன்னேன். விரலை மடக்கி எத்தனை நைட்டி என்று கணக்குப் பார்த்தார். “சரி. இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? மூணு வாரமா சரியா சாப்பிடாம இருக்கியே, உடம்புக்கு எதாச்சும்னு நெனச்சேன்.”

என் மரத்தடி பெஞ்ச் சிநேகிதி கணக்கில் கெட்டி. கேலி-ஹாமில்டன் தேற்றத்தை அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்குக் கரிம வேதியியல் வினைகளைச் சொல்லிக் கொடுத்தேன். ஏப்ரல் தேர்வில் 52 வந்தது. அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிட்டதாக நினைத்துப் படிப்பை விட்டவர்கள் எங்கள் பகுதியிலேயே இருக்கிறார்கள், அதனால்தான் மார்க் உட்படச் சொல்கிறேன்.

தம்பிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பஸ் ரூட்டு மாணவர்களுக்குத் தலைவனாக இருக்கும் ரூட்டுத் தல, பஸ்ஸில் கூட்டமாக ஏறிக் கொண்டாடும் பஸ் டே என்று முதல் வருடத்தில் வந்து இழுப்பார்கள். புது இடத்தில் நமக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள் என்ற உணர்வு அதில் கிடைக்கும், அது எனக்குப் புரிகிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். ரயிலில் நடந்த ஒரு சண்டையில் வழக்கு விழுந்தது. அவன் கையே ஓங்கவில்லை என்கிறான், கூட்டத்தில் நின்றதே போதுமானதாக இருந்தது. போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன். இன்றைக்கும் தவணைக்குத் தவணை கோர்ட்டுக்குப் போய் நிற்கிறான். சிநேகிதம் வேண்டுமென்றால் என்.எஸ்.எஸ்.ஸில் சேருங்கள், கேரம் போர்டு இருக்கும் அறையைத் தேடுங்கள், ஃபுட்பால் டீமுக்குப் போய் நில்லுங்கள். வடசென்னைப் பிள்ளைகளுக்கு கேரமும் ஃபுட்பாலும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படிக்க இடம் என்பது எங்கள் வீடு மாதிரி வீடுகளில் பெரிய பிரச்சினை. ராத்திரி பதினோரு மணி வரை மெஷின் ஓடும். அதை நிறுத்தச் சொல்ல முடியாது, என் ஃபீஸே அதிலிருந்துதான். ஒன்பதரைக்குப் படுத்துவிட்டு நாலரைக்கு எழுந்தேன். தண்ணீர் லாரி வருவதற்குள் ஒன்றரை மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். சனிக்கிழமைகளில் எழும்பூரில் கன்னிமாரா நூலகம். 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் புத்தகங்கள் எல்லாம் ஒரு பிரதி வந்துசேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. எனக்கு அங்கே பிடித்தது வேறு: நூறு பேர் உட்கார்ந்திருந்தாலும் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். பக்கத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அக்காமார்கள் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே நமக்கும் உட்காரத் தோன்றும்.

இதற்கெல்லாம் வீட்டில் சம்மதம் வேண்டும். ஏன் லேட், சனிக்கிழமை எதற்குக் காலேஜ் என்று ஆயா தினமும் கேட்பார். ஆரம்பத்தில் எரிச்சலாக வந்தது. அப்புறம் ஒருநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் வாரத்தை எழுதி மெஷினுக்கு மேல் ஒட்டினேன். எந்த நாள் லேப், எந்த நாள் லேட், எப்போது இன்டெர்னல். லேப் என்றால் என்ன செய்வோம், இன்டெர்னல் என்றால் என்ன என்று அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார், சொன்னேன். அவர் கேட்டதற்கு எனக்கே பதில் தெரியாதவை சில இருந்தன. மறுநாள் கல்லூரியில் கேட்டு வந்து சொன்னேன்.

போன வருடம் எதிர் வீட்டுப் பெண் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் அம்மா ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்று, “அஞ்சு மணிக்கு மேல பொண்ணுக்கு அங்க இன்னா வேலைக்கா?” என்று கேட்டார். நான் எழுந்து வருவதற்குள் அம்மா மெஷினை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்திருந்தார். “ரெக்கார்டு எழுதும்க்கா. வூட்ல வந்து எழுதுனா தப்பாப் போனா கேக்க ஆள் இல்ல பாரு. இன்டெர்னலு இருபத்தஞ்சு மார்க்கு, அது செமஸ்டரு பூரா சேரணும். போனஃபைடு வாங்கிடுச்சா? இல்லையா? நாளைக்கே வாங்கச் சொல்லு. ரயில் பாஸு சும்மாவே குடுக்கறாங்க.”